எமரால்டு லேக் போவதற்கு முன்

அம்மாடி,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. வேறு பெரிய செய்தி ஒன்றும் இல்லை.

பாப்பா மறுபடியும் ராக்கி மலைத் தேசியப் பூங்காவிலுள்ள அந்த எமரால்டு லேக் ஏரிக்குப் போக வேண்டும் என்று நச்சரிக்கிறாளாம், செப்டம்பரில் போகலாம் என்று இருக்கிறோம் என்று மாப்பிள்ளை சொன்னார். செப்டம்பருக்கான பூங்கா நுழைவு அனுமதி ஆகஸ்ட் 1 காலையிலேயே இணையத்தில் திறந்துவிடும். பேர் லேக் சாலையும் சேர்ந்த அனுமதியாகப் பார்த்து எடுக்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? ஜூனில் நாங்கள் வந்திருந்தபோது அத்தனையையும் நீதானே ஏற்பாடு செய்தாய். வழி தெரியாமல் நின்ற அந்தக் குடும்பத்துக்கு நீ பொறுமையாகப் பாதை சொன்னாயே, அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அந்தப் பாதை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பேர் லேக்கிலிருந்து அரை மைலில் நிம்ஃப் லேக், தண்ணீர் முழுக்க அல்லி இலைகள். அப்புறம் ட்ரீம் லேக், நீளமாக, குறுகலாக, அதன் தலைமாட்டில் ஹாலட் சிகரம். அங்கிருந்து மேலே ஓடையும் கூடவே வருகிறது. கல்லுக்குக் கல் தாவி இறங்குகிற அந்தச் சத்தத்தில், பக்கத்தில் வருபவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. அதன் பெயர் டிண்டால் ஓடை என்று பலகையில் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும் டிண்டால் விளைவை வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன்! அந்த விஞ்ஞானி டிண்டால் மலையேறுவதிலும் கெட்டிக்காரர். நான் அதைச் சொன்னபோது நீ சிரித்தாய், ஆனால் பதில் பேசவில்லை. பேச உனக்கு மூச்சு இல்லை.

அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போக 1.8 மைல், ஏற்றம் மொத்தமே அறுநூற்றைம்பது அடி போல. சின்னப் பிள்ளைகள் ஓடி ஓடிப் போகிற பாதை. பாப்பாவும் பெரும்பாலும் தானேதான் நடந்தாள். கடைசிப் பனித்திட்டில் மட்டும்தான் மாப்பிள்ளை தூக்கிக்கொண்டார். நீ ட்ரீம் லேக் கரையில் பாறைமேல் உட்கார்ந்து, ஷூ கடிக்கிறது என்றாய். ஷூவை நீ கழற்றவே இல்லை.

உயரத்தால்தான் என்று நீ சொல்வாய். பத்தாயிரம் அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும், யாருக்கும் இரைக்கும். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடல்மட்டத்திலிருந்து வந்தவன் நான். நீ 5,280 அடி உயரத்து டென்வரில் இத்தனை வருஷமாக இருக்கிறாய். உயரத்தில் இருக்க இருக்க உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொண்டு பழகிவிடும். அப்படியானால் எனக்கல்லவா உன்னைவிட அதிகமாக இரைத்திருக்க வேண்டும்? நான் நின்றதும் எனக்கு அடங்கிவிட்டது. உனக்கு அடங்கவில்லை. பாப்பா தண்ணீரில் கல் எறிந்து முடித்து, பிஸ்கட் தின்று முடித்த பிறகும் உன் தோள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மா பேர் லேக் கரையிலேயே தங்கிவிட்டதால் அவள் இதைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு உடனே பெரியத்தை ஞாபகம் வந்துவிடும். பெரியத்தையும் முதலில் மாடிப்படியைத்தான் குறை சொன்னாள்.

ஊருக்குத் திரும்பியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கேட்கப் பார்க்கிறேன். "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்லிவிட்டு போனைப் பாப்பா பக்கம் திருப்பிவிடுகிறாய். பாப்பாவைப் பார்க்க எனக்கு ஆசை இல்லாமலா? ஆனால் உன் முகத்தையும் நான் பார்க்க வேண்டும். போன வாரம் மாடி ஏறி வந்து போனை எடுத்தாய், இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினாய். உங்கள் வீட்டு மாடியில் எந்த மலை இருக்கிறது?

வேலை, பாப்பா, வீடு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்கிறாய். யாரிடமும் ஒரு உதவி கேட்காமல் அந்த ஊரில் காலூன்றியவள் நீ. இதையும் அப்படித் தனியாகவே வைத்துக்கொள்ளாதே. வெறும் ரத்தசோகையாகக்கூட இருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராய்டாக இருக்கலாம். இதயத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல். பெரியத்தை விஷயத்தை மருத்துவரிடம் நீயாகவே சொல்ல வேண்டும், சரியா? அவர்களாகக் கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிடாதே.

மலைக்குப் போகும்போது சீக்கிரம் கிளம்புங்கள். மதியத்துக்குமேல் இடி இறங்குகிற மலை அது, மேகம் திரண்டால் ஏரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் காய்ச்சாமல், வடிகட்டாமல் பாப்பாவுக்குக் கொடுக்காதே, ஜியார்டியா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி தொற்றும். மூஸ் என்கிற அந்தப் பெரிய மான் வந்தால் நாற்பது கஜம் தள்ளியே நில்லுங்கள். வழியில் இரைத்தால் நில். நின்றும் அடங்காவிட்டால் கீழே இறங்கு. பாப்பா அழுதாலும் இறங்கு. ஏரி எங்கேயும் போகாது. ஆனால் இதெல்லாம் பரிசோதனை முடிந்த பிறகுதான். மருத்துவரைப் பார்க்காமல் போகவே கூடாது.

மாப்பிள்ளையிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நீ சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். சொல்லவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு.

ஆகஸ்ட் 1-க்குள் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடு. எந்த நாள், எத்தனை மணி என்று எனக்கு எழுது. போனில் வேண்டாம், அம்மா பக்கத்தில் இருப்பாள்.

அன்புடன்,
அப்பா