ஒரு மாட்யூல் சோர்ந்தால் மொத்தப் பெட்டியும் நிற்கிறது

அனுப்புநர்: உரிமையாளர், கட்டிட ஒப்பந்த நிறுவனம், கோயம்புத்தூர்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: மின்சேமிப்புப் பெட்டியின் வடிவமைப்புக் குறை – மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

மின்சார வண்டிகளில் ஓடி முடித்த பேட்டரிகளைக் கொண்டு, ஆறு மாட்யூல்களாக (பேட்டரித் தொகுதிகளாக) நீங்கள் செய்து தந்த பெட்டி, தளத்துக்கு கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. திரையில் சார்ஜ் 60% என்று காட்டியபடியே நின்றது. வைப்ரேட்டர் ஓடாமல், கொட்டிய கான்கிரீட் இறுகத் தொடங்கிவிட்டது. பக்கத்து சைட்டில் டீசல் ஜெனரேட்டரை இரவல் வாங்கித்தான் வேலையை முடித்தோம். இது முதல் முறையும் அல்ல.

பழைய பேட்டரி என்று தெரிந்தேதான் வாங்கினோம். கொள்ளளவு 70–80 சதவீதத்துக்கு இறங்கி வண்டியிலிருந்து கழித்த பேட்டரி, கலவை மிஷினுக்கும் கம்பி வெட்டும் மிஷினுக்கும் தாராளமாகப் போதும். வீடுகளுக்கு நடுவே வேலை. ஜெனரேட்டர் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். எங்கள் புகாரெல்லாம் நீங்கள் அதைக் கோத்த விதத்தின் மேல்தான்.

"ஒரு மாட்யூல் போனாலும் மற்றவை ஓடும், கழற்றி மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லித்தான் விற்றீர்கள். லோடு ஓடும்போது எங்கள் எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஐந்து மாட்யூல்கள் 51 வோல்ட் பக்கம் நிற்க, ஆறாவது 44க்குச் சரிந்தது. ஆறையும் ஒரே சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) இணைத்து, பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் கருவியான பிஎம்எஸ் ஒன்றே ஒன்றிடம் விட்டிருக்கிறீர்கள். மாட்யூலுக்குள் இருக்கும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் ஒன்று 2.5 வோல்ட்டைத் தொட்டால் பிஎம்எஸ் துண்டிக்கத்தான் செய்யும், அதன் மேல் தப்பில்லை. ஆனால் ஒரு நோஞ்சானுக்காக மற்ற ஐந்தும் ஏன் படுக்க வேண்டும்? மாட்யூலுக்கு ஒரு பிஎம்எஸ், மின்னழுத்தத்தை மாற்றித் தரும் ஒரு கன்வெர்ட்டர் வைத்து பேரலலில் (ஒவ்வொன்றும் தனி வழியாக) இணைத்திருந்தால் அது மட்டும் விலகியிருக்கும். அந்த மாட்யூலின் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, மேலே மார்க்கரில் "ஓகே" என்று எழுதியிருக்கிறது. இதுதான் உங்கள் சோதனையா?

சர்வீஸுக்கு வந்த தம்பி, "சைட்ல தூசி அதிகம் சார்" என்றார். கட்டிட வேலை நடக்கும் இடத்தில் வேறென்ன பறக்கும்? ஃபேன் காற்றிழுக்கும் வாயில் ஒரு ஃபில்டர்கூட இல்லை.

ஒவ்வொரு மாட்யூலின் கொள்ளளவையும் உள்மின்தடையையும் சோதித்து அறிக்கை தாருங்கள். இணைப்பையும் மேலே சொன்னபடி மாற்றித் தாருங்கள். முடியாதென்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-ன்படி புதுப்பித்து விற்பவர்கள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் உங்கள் பில்லில் இல்லை, அதையும் அனுப்புங்கள்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். மீதித் தவணையை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்