ஏட்ரியன் ஸ்காட்டின் பெயரைச் சேருங்கள்

ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அகாடமியின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

பழைய கொலை மர்மப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கும் ஒரு தமிழ் ரசிகன் எழுதுகிறேன். 1947-இல் வெளிவந்த ‘க்ராஸ்ஃபயர்’ படம் தொடர்பாக உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், அந்தப் படத்தை ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தொடக்கத்தில் ஒருவர் முகமும் தெரியாது. சுவரில் நிழல்கள் கட்டிப் புரள்கின்றன, விளக்கு சாய்கிறது, ஓர் ஆள் செத்துக் கிடக்கிறார். இறந்தவர் சாமுவேல்ஸ், ஒரு யூதர். போர் முடிந்து இன்னும் சீருடையைக் கழற்றாத சில வீரர்களை அன்று மாலைதான் வாஷிங்டன் நகரத்து மதுக்கூடம் ஒன்றில் சந்தித்திருந்தார். கொன்றவனுக்கு அவரோடு முன்பகை கிடையாது, பணத்தகராறும் கிடையாது. காவல்துறைக் கேப்டன் ஃபின்லே குழம்பிப்போவதும் அதனால்தான். யார் செய்தது என்று பாதிப் படத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. எதற்காகச் செய்தான் என்ற கேள்விதான் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகிறது. இறந்தவர் யூதர் என்பதைத் தவிர கொன்றவனிடம் வேறு காரணமே இல்லை என்று புரியும்போது வயிற்றைப் பிசைகிறது. போருக்குப் போகாமல் பதுங்கிக்கொண்டவர்கள் யூதர்கள் என்று பேசுகிறான் அவன். ஆனால் சாமுவேல்ஸ் ஒகினாவா போரில் காயம்பட்டுத் திரும்பியவர்.

படத்துக்குச் செலவு மிகக் குறைவு, படப்பிடிப்பு ஒரு மாதம்கூட நடக்கவில்லை. பெரிய அரங்குகள் கிடையாது. இருட்டு, ஒற்றை விளக்கு, நிழல், இவற்றை வைத்தே ஒளிப்பதிவாளர் ஜே. ராய் ஹன்ட் ஓர் ஊரையே காட்டிவிட்டார். கொலைகாரனாக நடித்த ராபர்ட் ரையனின் முகத்தைப் படம் பிடிக்க, கதை நகர நகர லென்ஸின் அளவை 50 மி.மீ.-இலிருந்து படிப்படியாக 25 மி.மீ. வரை இறக்கிக்கொண்டே போனார் இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக். பார்க்கிறவருக்கு லென்ஸ் மாறியது தெரியாது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஒரு முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிப்போவது மட்டும் தெரியும். வெறுப்பு உள்ளே இருந்து வெளியே வருவதை அப்படிக் காட்டிய படம் வேறொன்று நான் பார்த்ததில்லை. அப்புறம், தவறான முகவரி எழுதிய ஒரு துண்டுச் சீட்டை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கும் அந்தக் கட்டம்! எத்தனை முறை பார்த்தாலும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

இதற்கெல்லாம் விதை போட்டவர் தயாரிப்பாளர் ஏட்ரியன் ஸ்காட். ரிச்சர்ட் ப்ரூக்ஸின் மூல நாவலில் கொல்லப்படுபவர் ஓர் ஒருபாலீர்ப்பாளர். அன்றைய தணிக்கை விதிகளின்படி அதைத் திரையில் பேசவே முடியாது. அந்த மௌனமும் ஓர் அநியாயம்தான். ஆனால் யூத வெறுப்பைப் பற்றிப் படம் எடுக்கவேண்டும் என்று நினைத்து, இந்தக் கதையை அதற்குத் தகுந்தபடி மாற்றலாம் என்று படத்தை எடுத்த ஆர்.கே.ஓ. நிறுவனத்திடம் வாதாடியவர் ஸ்காட். பெரிய நிறுவனங்கள் பேசத் தயங்கிய விஷயம் அது.

படம் ஜூலையில் வந்தது. அக்டோபரில் ஸ்காட்டும் டிமிட்ரிக்கும் ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு முன் நிறுத்தப்பட்டார்கள். நீ கம்யூனிஸ்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேரில் இவர்களும் இருந்தார்கள். நவம்பர் 24 அன்று அந்தப் பத்துப் பேர் மீதும் நாடாளுமன்ற அவமதிப்புக் குற்றச்சாட்டை பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. அதே விவாதத்தில் விசாரணைக் குழுவின் உறுப்பினர் ஜான் ராங்கின் எழுந்து, விசாரணையை எதிர்த்துக் கையெழுத்திட்ட நடிகர்களின் யூதப் பிறவிப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். டேனி கே என்பவரின் பெயர் காமின்ஸ்கி, எட்வர்ட் ஜி. ராபின்சனின் பெயர் கோல்டன்பர்க் என்று! யூத வெறுப்பை எதிர்த்துப் படம் எடுத்தவர்களைத் தண்டித்த சபையில் இது நடந்தது. அந்த மாதம் முடிவதற்குள் ஆர்.கே.ஓ. இருவரையும் வேலையை விட்டு நீக்கியது.

1948 மார்ச்சில் உங்கள் விருது விழா. ‘க்ராஸ்ஃபயர்’ ஐந்து பிரிவுகளில் பரிந்துரை பெற்றிருந்தது, சிறந்த படம் உட்பட. ஒன்றும் கிடைக்கவில்லை. தோற்றது பற்றி எனக்குப் புகார் இல்லை. என் மனதை அறுப்பது வேறு. அந்தக் காலத்தில் சிறந்த படத்துக்கான பரிந்துரை தயாரிப்பாளரின் பெயரில் போகாது, நிறுவனத்தின் பெயரில் போகும். எனவே உங்கள் ஆவணத்தில் ‘க்ராஸ்ஃபயர்’ படத்துக்கு நேராக இருக்கும் பெயர் ஆர்.கே.ஓ. ரேடியோ. ஸ்காட்டைத் தெருவில் விட்ட அதே நிறுவனம். இயக்குநரின் பெயர் இருக்கிறது, திரைக்கதை எழுதிய ஜான் பாக்ஸ்டனின் பெயர் இருக்கிறது, நடித்த ரையன், குளோரியா கிரஹாம் பெயர்கள் இருக்கின்றன. ஸ்காட்டுக்கு இடமே இல்லை.

பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். டிமிட்ரிக் சிறை சென்று வந்து, 1951-இல் அதே குழுவிடம் கம்யூனிஸ்டுகள் என்று சிலரின் பெயர்களைச் சொன்னார். அதில் ஸ்காட்டின் பெயரும் இருந்தது. டிமிட்ரிக்குக்கு மறுபடி வாய்ப்புகள் வந்தன. 1954-இல் அவர் இயக்கிய படம் ஒன்று சிறந்த படத்துக்கான பரிந்துரை வரை போனது. ஸ்காட்டும் சிறை சென்றார், ஆனால் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாமல் தொலைக்காட்சிக்கு எழுதிப் பிழைத்தார். 1972-இல் இறந்தார். ‘க்ராஸ்ஃபயர்’ தோற்ற அந்த ஆண்டு சிறந்த இயக்குநராக வென்ற எலியா கசானும் 1952-இல் பெயர் சொன்னவர்தான். அவருக்கு 1999-இல் கௌரவ விருது கொடுத்தீர்கள்.

நீங்கள் பழைய பிழைகளைத் திருத்தாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். இலங்கையின் கித்துல்கல பகுதியில் படமாக்கப்பட்ட ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தை எழுதியும் இதே வேட்டையால் பெயர் போட்டுக்கொள்ள முடியாமல் போன கார்ல் ஃபோர்மனுக்கும் மைக்கேல் வில்சனுக்கும், அவர்கள் இறந்த பிறகு உரிய விருதைக் கொடுத்தீர்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவரான எழுத்தாளர் டால்டன் டிரம்போவுக்கு 1993-இல் ‘ரோமன் ஹாலிடே’ விருது போய்ச் சேர்ந்தது. அவர்கள் விருது வென்ற எழுத்தாளர்கள் என்பதால் திருத்துவது எளிதாக இருந்தது. ஸ்காட் வென்றவர் இல்லை, அந்தக் கால விதிப்படி பரிந்துரை பெற்றவரும் இல்லை. அதனால்தான் எந்தத் திருத்தத்திலும் அவர் அகப்படவில்லை.

சிலையோ மேடையோ கேட்கவில்லை. விதியைப் பின்தேதியிட்டு மாற்றவும் கேட்கவில்லை. 20-ஆவது விருதுகளின் பட்டியலில், ‘க்ராஸ்ஃபயர்’ என்ற வரிக்குக் கீழே ஒரு குறிப்பு சேருங்கள்: இந்தப் படத்தைத் தயாரித்தவர் ஏட்ரியன் ஸ்காட், பரிந்துரை அறிவிக்கப்படும் முன்பே இவரை நிறுவனம் நீக்கிவிட்டது. அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் உங்கள் அருங்காட்சியகத்தில் ஒருநாள் மாலை இந்தப் படத்தைத் திரையிட்டு, தொடங்கும் முன் அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டினால் இன்னும் மகிழ்வேன்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஒரு தமிழ் ரசிகன்