நெற்றிப்பட்டையும் 62 சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், நெற்றியில் கட்டிய பட்டை மூளை அலையைப் படித்து விளக்கை எரியவைக்கும் என்ற புதுச்சேரி கல்லூரி மாணவர்களின் 'நினைத்தால் எரியும் விளக்கு' செய்தியைப் படித்தேன். பிள்ளைகள் மேல் குறை இல்லை. 'இந்தப் பட்டையைக் கட்டினால் பேச முடியாதவர்களும் நிமிடத்துக்கு 62 சொல் பேசலாம்' என்று உங்கள் நிருபர் எழுதினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த 62 சொல் 2023-இல் ஸ்டான்ஃபோர்டில் வந்த கணக்கு. மண்டையோட்டைத் திறந்து, மூளையில் ஊசி போன்ற எலக்ட்ரோடுகள் (மின்முனைகள்) பதித்த ஒரு பெண்மணியிடம் எடுத்தது. 1,25,000 சொற்களுக்குள் தேடியபோது ஏறக்குறைய நாலில் ஒன்று தப்பு. தாங்கள் அறியாததா?

நெற்றியில் பெரும்பாலும் சிக்குவது கண் சிமிட்டலும் தசை இறுக்கமும்தான். மூளை அலை தலைத்தோலுக்கு வந்து சேரும்போது சில பத்து மைக்ரோவோல்ட் (வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோவோல்ட்). ஒரு சிமிட்டலே நூறைத் தாண்டிவிடும். கையை அசைப்பதாக நினைப்பதைப் படிக்கலாம் என்றால், கையசைவுக்கான மூளைப்பகுதியோ காதுகளுக்கு மேலே, உச்சியை நோக்கி, முடிக்கு அடியில் இருக்கிறது. அங்கே எலக்ட்ரோடு ஒட்ட முடியை வகிர்ந்து, எண்ணெயைத் துடைத்து, தோலைத் தேய்த்து, பேஸ்ட் வைத்து, தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை 5 கிலோஓமுக்குக் கீழே இறங்கும்வரை மல்லுக்கட்ட வேண்டும். கடலூர் மே மாத வியர்வைக்கு அதற்குப் பிறகும் பதிவுக்கோடு நிலையில்லாமல் மிதக்கும். பக்கத்தில் சார்ஜர் செருகியிருந்தால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வேறு.

இது முதல் தடவையும் இல்லை. 2024 ஜனவரியில் எலான் மஸ்க்கின் நியூராலிங்க் நிறுவனம் ஒருவரின் மூளையில் சிப் பதித்தது உங்களுக்கு முதல் பக்கச் செய்தி. சில வாரங்களில் அதன் எலக்ட்ரோடுகள் கொண்ட 64 மெல்லிய இழைகளில் பல மூளையிலிருந்து பின்வாங்கியதும், மென்பொருளை மாற்றிச் சமாளித்ததும் பெட்டிச் செய்தியாகக்கூட வரவில்லை. மருத்துவக் கேள்வி-பதிலில், மூளை அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யை 'மூளைக்கு மின்சாரம் செலுத்தும் சோதனை' என்றீர்கள். எங்கள் மெஷின் வாங்குமே தவிர, கொடுக்காது. பயந்து வந்த நோயாளிகளுக்குப் பதில் சொன்னது நாங்கள்தான். நான் மறுத்து எழுதிய கடிதத்தை 'பயனுள்ள பகுதி, நன்றி' என்று சுருக்கிப் போட்டீர்கள். நன்றிக்கு நன்றி.

இப்போது, 'அந்தப் பட்டை எங்கே கிடைக்கும்?' என்று படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டார் கேட்கிறார்கள்.

திருத்தம் போடுவது பத்திரிகைக்குக் கௌரவக் குறைச்சல் என்றால் வேண்டாம். பேச முடியாதவர்களுக்கான எழுத்து அட்டைக்கு ராசிபலனில் அரைப் பக்கம் மட்டும் கொடுங்கள். 12 உயிரெழுத்தும் 18 மெய்யும் வரிசை வரிசையாக, ஓரத்தில் 'ஆம்', 'இல்லை', 'வலி', 'தண்ணீர்'. வீட்டார் வரிசையைத் தொட்டுக் காட்ட, நோயாளி சிமிட்டித் தேர்ந்தெடுப்பார்; பிறகு அந்த வரிசைக்குள் ஒவ்வொரு எழுத்தாக. வெட்டி அட்டையில் ஒட்டும்படி பெரிய எழுத்தில் அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இ.இ.ஜி. டெக்னீஷியன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.