ரோனா கப்பல் நினைவுக் கல்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நாகப்பட்டினத்தில் நம் சங்கக் கட்டடத்தின் முன்கூடத்தைச் சீரமைத்து, ரோனா கப்பலுக்கு நினைவுக் கல் பதிக்கும் வேலை நல்லபடியாக முடிந்தது. கூரை ஒழுகல் நின்றுவிட்டது. உப்புக்காற்றில் பொரிந்து உதிர்ந்த சிமென்ட் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறோம். இரும்புப் பலகை இந்தக் காற்றுக்குத் தாங்காது என்பதால் எழுத்துகளைக் கருங்கல்லிலேயே வெட்டச் சொன்னோம்.

"ரஜுலாவைத்தான் எல்லாருக்கும் தெரியும், ரோனா எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இரண்டும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926இல் கட்டப்பட்ட சகோதரிக் கப்பல்கள். இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் உருவான ரோனா 8,602 டன். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் முன்னோர் டெக் பயணிகளாக, அதாவது அறையில்லாமல் கப்பல் தளத்திலேயே தங்கி, போய்வந்த தடத்துக்காகவே கட்டப்பட்டவை. ரஜுலா 1970கள் வரை ஓடியதால் பேர் நிலைத்தது. ரோனா இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பவில்லை.

1940இல் அதைப் படைவீரர்களை ஏற்றிச்செல்ல எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 25 அன்று அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்திலிருந்து கிளம்பி, கேஎம்எஃப் 26 என்ற கப்பல் அணியோடு சேர்ந்தது. ஏறியிருந்தவர்கள் அமெரிக்க வீரர்கள், ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். சூயஸ் வழியாக இந்தியாவுக்கு வந்து, சீனா-பர்மா-இந்தியா போர்முனையில் சேர வேண்டியவர்கள். மறுநாள் மாலை அல்ஜீரியாவின் பூஜி துறைமுகத்துக்கு அப்பால், ஜெர்மன் ஹெய்ன்கெல் விமானம் ஏவிய ஹெச்எஸ் 293 குண்டு கப்பலின் இடப்பக்கத்தைத் துளைத்தது. விமானத்திலிருந்தே ரேடியோ அலையால் திசைதிருப்பக்கூடிய, அன்றைக்குப் புத்தம்புது ஆயுதம் அது. படகுகள் பல உடைந்துபோயின. கடலும் கொந்தளிப்பாக இருந்தது. இடுப்பில் கட்டும் காற்று மிதவையை அக்குள் வரை ஏற்றிக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. குதித்ததும் அது அவர்களைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டது. கடற்கண்ணிகளை அகற்றும் பயனியர் என்ற அமெரிக்கக் கப்பல் மட்டும் 606 பேரைக் கரைசேர்த்தது. ஆனாலும் அமெரிக்க வீரர்கள் 1,015 பேர் உட்பட 1,138 பேர் மாண்டார்கள்.

மாண்ட மற்றவர்களில் பெரும்பாலோர் கப்பலின் இந்திய மாலுமிகள். கல்வெட்டு வாசகத்துக்கு நேரம் பிடித்தது இதனால்தான். அந்தக் குண்டைப் பற்றிய விவரத்தை அமெரிக்க அரசு நெடுங்காலம் வெளியே விடவில்லை. குடும்பங்களுக்கே சரியான தகவல் போகவில்லை. ஆனாலும் 1996இல் அலபாமா மாநிலத்தின் ஃபோர்ட் மிட்செல் தேசியக் கல்லறை வளாகத்தில் அந்த வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. அப்போரில் இறந்த இந்திய மாலுமிகளின் பெயர்களோ மும்பை மாலுமிகள் இல்லத்திலும் சிட்டகாங்கிலும் உள்ள பதிவேட்டில் இருக்கின்றன. அங்கே போய்ப் புரட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்? அதனால் நம் கல்லில் 'மாலுமிகளும் வீரர்களும்' என்று ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் வெட்டியிருக்கிறோம். மாலுமிகளைச் சின்ன எழுத்தில் கீழே போடலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை.

வரவுசெலவுக் கணக்கு தணிக்கை முடிந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. நன்கொடை தந்தவர்களுக்கும், வெயிலில் நின்று வேலை பார்த்த கொத்தனார், கல்தச்சர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் வீட்டில் ரோனா, ரஜுலா பயணச்சீட்டோ படமோ இருந்தால் நகல் கொடுங்கள். கல்லுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி தயாராக இருக்கிறது. அப்புறம், கூடத்து விளக்குகளின் மின்கட்டணத்தை யார் ஏற்பது என்பது மட்டும் பாக்கி. அதை வரும் பொதுக்குழுவில் முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு