எம்ஆர்டியில் முதல் வகுப்பு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் ஈசூனில் எம்ஆர்டி ரயிலேறி தஞ்சோங் பகாருக்கு வேலைக்குப் போகிறவள் நான். “இரண்டு மடங்கு காசு கேட்டாலும் பரவாயில்லை, எம்ஆர்டியில் முதல் வகுப்புப் பெட்டி ஒன்று விடலாமே” என்று அலுவலகத்திலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் பேச்சு வருகிறது. பீஷான் நிலையத்துக்கு அப்புறம் கைப்பையைத் திறக்கக்கூட இடமில்லாமல் நிற்கும்போது யாருக்கும் அந்த ஆசை வரத்தான் செய்யும். ஆனாலும் அது நமக்கு வேண்டாம் என்பேன். அந்த வசதி உள்ள இரண்டு ஊர்களில் முழங்கால் வலிக்காரரான என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சென்னையில் குரோம்பேட்டைச் சித்தி வீட்டிலிருந்து தி.நகருக்குத் துணி எடுக்கக் கிளம்பினோம். மாம்பலம் வரை மின்சார ரயிலில் முதல் வகுப்பு டிக்கெட் எடுத்தேன். முதல் வகுப்பு என்றதும் ஏசி இருக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டார். அங்கேயும் அதே மின்விசிறி, அதே திறந்த கதவு. சீட்டில் மெத்தை இருக்கும், கூட்டம் கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். கட்டணத்தை 2022இல் குறைத்தார்கள். அப்படியும் இரண்டாம் வகுப்பைவிடப் பல மடங்கு. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் இரண்டாம் வகுப்பில் 10 ரூபாய்தானே! மத்தியானம் போகும்போது அம்மா ஜன்னலோரம் நிம்மதியாக உட்கார்ந்து வந்தார். சாயங்காலம் திரும்பும்போது முதல் வகுப்பும் நிரம்பி வழிந்தது. கிண்டி வரை அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மடியில் பை வைத்திருந்த ஒரு கல்லூரிப் பெண்தான் எழுந்து, “நீங்க உக்காருங்க பாட்டி” என்றாள். 2025 ஏப்ரலிலிருந்து அந்தத் தடத்தில் ஏசி ரயிலும் ஓடுகிறது, குறைந்த கட்டணம் 35 ரூபாய். வெயில் காலத்தில் இங்கிருந்து வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு, நேரம் ஒத்துவந்தால் அதையே சொல்வேன்.

ஹாங்காங்கின் கிழக்கு ரயில் தடத்தில் ஒன்பது பெட்டிகளில் ஒன்று முதல் வகுப்பு. 1910இல் தொடங்கிய பழைய ரயில்பாதை அது. கட்டணம் இரட்டிப்பு, ஏறுமுன் அதற்கென்று இருக்கும் கருவியில் அட்டையைத் தட்ட வேண்டும். அட்மிரால்டியிலிருந்து ஷியுங் ஷுய் வரை முக்கால் மணி நேரத்துக்குக் கிட்டே ஆகும். அம்மா உட்கார்ந்தே வந்தார். அங்கே கொடுத்த காசு வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துப் பெட்டியில் நின்றுகொண்டு வந்தவர்களும் எங்களோடு அதே நிமிடத்தில்தான் இறங்கினார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். வடக்கு-தெற்குத் தடத்தில் ஒரு ரயிலுக்கு ஆறு பெட்டிகள். அதில் ஒன்றை ஒதுக்கினால் ஆறில் ஒரு பங்கு இடம் போய்விடும். மிச்ச ஐந்தில் நெரிசல் இன்னும் கூடும். என்னோடு ஈசூனில் ஏறுகிற துப்புரவுப் பணியாளர் அக்கா ஒருவர் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர். நான் காசு கொடுத்து உட்காருவதற்காக அவர் இன்னும் நெருக்கியடித்து நிற்க வேண்டுமா? எனக்கு மனசு வரவில்லை. 2015இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவிலும் இரட்டைக் கட்டணத்தில் சிறப்பு வகுப்பு இருந்தது. 2020இல் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பெண்களுக்கு விட்டார்கள். பாரிஸ் மெட்ரோ 1991இலேயே முதல் வகுப்பைக் கைவிட்டது.

காலை நெரிசல் குறைய நம்மிடமே ஒரு வழி இருக்கிறது. வார நாள்களில் காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தால் 50 காசு வரை கழிவு கிடைக்கிறது. ஆனால் சீக்கிரம் வருகிறவரைச் சீக்கிரம் வீட்டுக்கு விட்டால்தானே அது பயன்படும்? எட்டு மணிக்கு வேலை தொடங்கி ஐந்து மணிக்குக் கிளம்ப அனுமதி வேண்டும் என்று என் மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். மற்ற நிறுவனங்களும் இதற்கு இடம் தர வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி