கோலை விட்டு ஓடிய கோலி

மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். பேரன் ஹாக்கி மட்டையைத் தூக்கிவிட்டான் என்று எழுதியிருந்தாய். கோவில்பட்டியில் பிறந்தவன் வேறு எதைத் தூக்குவான்?

நான் மகள் வீட்டில், அயர்லாந்தில் கிளேர் கவுண்டியில் இருக்கிறேன். இங்கே ஹர்லிங் என்று ஒரு ஆட்டம். ஆஷ் மரத்து மட்டை, தோல் தைத்த சின்னப் பந்து. தலைக்கு மேலே பறக்கிற பந்தையும் விளாசுகிறார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயின்ட். கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று பாயின்ட். கோலியை, அதாவது கோல்கீப்பரைப் பார்த்துத்தான் அசந்துவிட்டேன். உன்னைப் போல் காலில் தலையணை மாதிரி பேட் கிடையாது. அரைக்கால் சட்டைதான். மட்டை மட்டும் கொஞ்சம் அகலம்.

இந்த ஊரில் கோலி என்றாலே டேவி ஃபிட்ஸ்ஜெரால்ட் பேச்சுதான். சிக்ஸ்மைல்பிரிட்ஜ்காரர். 1995 மன்ஸ்டர் மாகாண ஃபைனல், தர்லஸ் மைதானம், எதிரே லிமெரிக். கிளேர் அந்தக் கோப்பையைத் தொட்டு 63 வருஷம். இடைவேளைக்குச் சற்று முன் பெனால்டி. அடிக்க வந்தது யார் தெரியுமா? கோலி! தன் கோலைத் திறந்துபோட்டுவிட்டு மைதானத்தின் மறுகோடிக்கு வந்தார். கோட்டில் மூன்று பேர் மறித்து நிற்க, பந்தைத் தூக்கி விட்டார் ஒரு அடி. வலைக்குள்! கொண்டாட நேரம் ஏது? திரும்பி ஒரே ஓட்டம். அடுப்பை அணைக்காமல் கிளம்பி வந்தவன் பாதி வழியில் ஞாபகம் வந்து ஓடுவானே, அப்படி. வீடியோவில் நாலைந்து தடவை பார்த்தேன், அடியை அல்ல, அந்த ஓட்டத்தை.

அந்த வருஷமே அகில அயர்லாந்துக் கோப்பையும் வந்தது, 1914-க்குப் பிறகு முதல் தடவை. 1997-ல் இன்னொன்று. டிப்பரேரியை ஜெயித்தது ஒரே பாயின்டில். கடைசி நேரத்தில் அவர்கள் ஆள் ஜான் லீஹி அடித்ததை இவர் தடுத்திராவிட்டால் கதை கந்தல். இத்தனைக்கும் சம்பளம் கிடையாது. எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறவர்கள். 2013-ல் கிளேர் மறுபடி ஜெயித்தபோது மேனேஜர் இவர்தான். எல்லைக்கோட்டில் இவர் குதிக்கிற குதி எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை, அது வேறு விஷயம்.

பள்ளிக்கூட மேட்ச்சில் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தபோது நீ கை தூக்கினாய், பி.டி. சார் முறைத்தார், ஞாபகம் இருக்கிறதா? அன்று விட்டிருந்தால் அடித்திருப்பாய்டா. அந்தப் பேடோடு திரும்பி ஓடியிருப்பாயா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

உன்
பழைய சென்டர் ஹாஃப்