பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க விடுங்கள்: மடிக்கணினி விற்பனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரிலும் ஃபுனானிலும் சிராங்கூன் சாலை வட்டாரத்துக் கடைகளிலும் மடிக்கணினி விற்கும் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே ஒரு காரியம் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ள மடிக்கணினி வாங்க வருகிறவர், பணம் கட்டும் முன், நீங்கள் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் லினக்ஸ் ஏற்றிய தன் தம்ப் டிரைவைச் செருகிப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க அனுமதியுங்கள். பட்டுப் புடவையைப் பிரித்துக் காட்டாமல் எந்தக் கடைக்காரரும் விற்பதில்லை. ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக் கணினிக்கும் அந்த மரியாதை வேண்டும்.

அண்மையில் என் அக்கா மகளோடு ஒரு கடைக்குப் போயிருந்தேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினிப் பாதுகாப்பு படிக்கப் போகிறாள். முதல் நாளிலிருந்தே லினக்ஸில் பழக வேண்டும் என்பது அவள் ஆசை. விற்பனையாளர் தம்பி பொறுமையாகவும் மரியாதையாகவும் பேசினார். "எல்லாக் கணினியிலும் ஓடும் அண்ணே" என்றார். வைஃபை சிப் யாருடையது என்று அவள் கேட்டாள். விலைச்சீட்டில் 'வைஃபை 6' என்று மட்டும் இருந்தது, பெட்டியிலும் அதேதான். தம்ப் டிரைவை எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. வைரஸ் வந்துவிடும், முதலாளி கோபித்துக்கொள்வார், லினக்ஸ் போட்டால் வாரண்டியும் போய்விடும் என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாள். அந்தத் தம்பி மீது எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அவர் கையில் தகவல் இல்லை, முடிவெடுக்கும் உரிமையும் இல்லை. இரண்டையும் கொடுக்க வேண்டியவர்கள் கடையை நடத்தும் நீங்கள்.

வைஃபை சிப்பை ஏன் இப்படித் துருவிக் கேட்கிறோம் என்று தோன்றலாம். விண்டோஸ் கணினியின் சிப்புகளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களைத் தயாரிப்பாளரே போட்டு அனுப்பிவிடுகிறார். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வருகின்றன. சிப்புக்கான டிரைவர் கெர்னலில் சேரும் முன்பே கணினி கடைக்கு வந்துவிட்டால், வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான். ரியல்டெக் நிறுவனத்தின் 8852பிஇ வைஃபை சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான டிரைவர் 2023 தொடக்கத்தில் வந்த 6.2 கெர்னலில்தான் சேர்ந்தது. 5.15 கெர்னலோடு வந்த உபுண்டு 22.04 என்னும் லினக்ஸ் பதிப்பை அந்தச் சிப் உள்ள கணினியில் போட்டவருக்கு வைஃபை என்ற ஒன்றே கண்ணில் படவில்லை. இன்டெல் சிப் உள்ள கணினியை வாங்கியவருக்கோ பெரும்பாலும் லினக்ஸ் போட்டதும் இணையம் வந்துவிட்டது. வேதனை என்னவென்றால், ஒரே பெயர், ஒரே மாடல், ஒரே விலையில் வரும் கணினிகளில்கூட ஒரு தொகுதியில் இன்டெல் சிப்பும் அடுத்த தொகுதியில் ரியல்டெக் அல்லது மீடியாடெக் சிப்பும் இருப்பதுண்டு. ஊரெல்லாம் நல்லது என்று சொல்லும் மாடலை நம்பி வாங்கினாலும், நம் கைக்கு வரும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

விலை கூடினால் தொல்லை குறையும் என்பதும் இதில் செல்லாது. 2022இல் இன்டெல்லின் 12ஆம் தலைமுறைச் செயலியோடு வந்த சில மெல்லிய, விலை உயர்ந்த கணினிகளில் புது வகைக் கேமரா இணைப்பு இருந்தது. லினக்ஸில் அந்தக் கேமராக்கள் நெடுநாள் இயங்கவே இல்லை. சாதாரண அலுவலகக் கணினியின் கேமரா எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியது. கைரேகை உணரிகளிலும் இதே கதைதான். கிராஃபிக்ஸ் அட்டை செய்யும் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதிகளை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாக வெளியிட்டது 2022 மே மாதத்தில். நிலைமை முன்பைவிட நன்றாக இருக்கிறது. ஆனாலும் விளையாட்டோ செயற்கை நுண்ணறிவு வேலையோ இல்லாத மாணவருக்குத் தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினியைத் தள்ளிவிடாதீர்கள் என்றே சொல்வேன். இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியோடு சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸ் அவருக்குத் தாராளம். 2024இல் வேறு வகைச் செயலியோடு வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் கணினிகளில் லினக்ஸ் ஒழுங்காக ஓடும் என்று நம்ப முடியாது; அவற்றை லினக்ஸ் கேட்டு வருகிறவரிடம் காட்டவே வேண்டாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கணினியை அணைத்து, தம்ப் டிரைவைச் செருகி, மறுபடி தொடங்கும்போது எஃப்12 விசையைத் தட்டுவோம். சில நிறுவனங்களில் அது எஃப்9 அல்லது எஸ்கேப். எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியலில் தம்ப் டிரைவைத் தேர்ந்தால், நிறுவாமல் முயன்று பார்க்கும் வாய்ப்பு வரும். திரை விரிந்ததும் மேல் மூலையில் வைஃபை பட்டியலைத் திறப்போம். உங்கள் கடையின் பெயரும் பக்கத்துக் கடைகளின் பெயர்களும் வரிசையாக வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பிறகு ஒரு காணொளியை ஓட்டி ஒலிபெருக்கியில் சத்தம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்போம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், இரண்டு விரலால் நகர்த்தும் தொடுதளம், கேமரா எல்லாவற்றையும் பார்ப்போம். அடுத்ததுதான் மிக முக்கியம்: மூடியை மூடிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்து திறப்போம். உறங்கிய கணினி உடனே எழுந்தால் நிம்மதி. எழாமல் கறுப்புத் திரையோடு நின்றாலும், மூடியிருந்தபோதே சூடேறி விசிறி சுற்றினாலும், பைக்குள் வைத்து எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோக அது உதவாது. கடைசியாக ஒரு கட்டளை அடித்தால் உள்ளிருக்கும் சிப்புகளின் பெயர்கள் எல்லாம் திரையில் வரும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு தம்ப் டிரைவை உருவிவிடுவோம்.

இதில் உங்கள் கணினிக்கு என்ன ஆகும் என்ற அச்சம் நியாயமானது. இந்த முறையில் எல்லாம் தம்ப் டிரைவிலும் நினைவகத்திலுமே நடக்கிறது. நாமாகத் திறக்காதவரை கணினியின் சேமிப்பகமான எஸ்எஸ்டி தொடப்படுவதில்லை. மறுபடி தொடங்கினால் விண்டோஸ் இருந்தபடியே வரும். கையொப்பமில்லாத இயங்குதளம் தொடங்காமல் தடுக்கும் செக்யூர் பூட்டை நிறுத்தவும் தேவையில்லை. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்னும் மூன்று லினக்ஸ் பதிப்புகளும் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற தொடக்க நிரலோடு வருவதால் செக்யூர் பூட் இயங்கும்போதே தொடங்கிவிடும். ஒரு சில திங்க்பேட் கணினிகளில் மட்டும் அந்தக் கையொப்பத்தை ஏற்க, கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் தனி அனுமதி தர வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட கணினியில் சோதனையை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பயாஸை மாற்றினால், விண்டோஸின் பூட்டான பிட்லாக்கர் சாவி கேட்டு உங்களுக்குத்தான் வேலை வைக்கும். வெளியார் தம்ப் டிரைவை நம்ப மனமில்லையா? கடைக்கென்று உங்கள் கையாலேயே ஒன்று தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு இலவசம்; செலவு தம்ப் டிரைவின் விலை மட்டுமே.

வாரண்டி பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். மூடியின் கீல் உடைவதற்கும் திரையில் கோடு விழுவதற்கும் கணினியில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. லெமன் சட்டம் என்று நாம் சொல்லும், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் விதிகள் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ளன. பொருளை ஒப்படைத்து ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, மாறாக நிரூபிக்கப்படாதவரை, ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். ஆகவே "லினக்ஸ் போட்டால் வாரண்டி போய்விடும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி இளம் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். தயாரிப்பாளரின் வாரண்டிச் சீட்டில் அப்படி ஏதேனும் எழுதியிருந்தால், அந்த வரியைக் காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

உங்களுக்கு இதில் வியாபாரமும் இருக்கிறது. புத்தம்புது மாடல் லினக்ஸ்காரர்களுக்குப் பெரும்பாலும் ஆகாது. டிரைவர்கள் பக்குவப்பட மாதங்கள் பிடிக்கும். உங்கள் கடையில் தேங்கிக் கிடக்கும் போன ஆண்டுச் சரக்குதான் எங்களுக்கு வேண்டியது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நிறுவனங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிடியூட், எலிட்புக் கணினிகளில் விண்டோஸ் 11 ஏற்காதவை ஏராளம். மின்கழிவுத் தொட்டிக்கு அனுப்பும் முன் அவற்றில் லினக்ஸை ஓட்டிப் பார்த்து, ஓடுவதை ஓடுகிறது என்று எழுதி வையுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் தேடி வருவார்கள். லினக்ஸ் போட்டே விற்கும் நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கத்தான் செய்கின்றன. அமெரிக்காவின் டென்வரில் உள்ள சிஸ்டம்76 அவற்றில் ஒன்று. அங்கிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவு, 9 விழுக்காடு பொருள் சேவை வரி, பழுதானால் திருப்பி அனுப்பும் அலைச்சல். நடந்து வரும் தூரத்தில் உங்கள் கடை இருக்கும்போது அந்தப் பணம் ஏன் வெளியே போக வேண்டும்?

சோதித்த பிறகு விலைச்சீட்டில் இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள்: வைஃபை சிப்பின் முழுப் பெயர், நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா மாற்றக்கூடியதா என்பது. விண்டோஸ் வாங்குகிறவருக்கும் இரண்டாவது வரி உதவும்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா என்று பெற்றோர் கேட்டால் தயங்காமல் முடியும் என்று சொல்லலாம். உபுண்டுவின் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்நெட்99 என்னும் தமிழ் விசை அமைப்பு இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். இணையத்தில் தமிழுக்கு வழி வகுத்த முன்னோடி நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தது இதே சிங்கப்பூரில் இருந்துதான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நான் மகிழ்வேன்.

இதைச் செய்து பார்க்க விரும்பும் கடை எதுவானாலும், கூட்டமில்லாத ஒரு வேலை நாள் பிற்பகலைச் சொல்லுங்கள். தம்ப் டிரைவோடு வருகிறேன். உங்கள் ஊழியர்களுக்குச் சோதனையைச் செய்து காட்டி, காட்சியில் இருக்கும் கணினிகளுக்கு அந்த இரண்டு வரிகளையும் அவர்களோடு உட்கார்ந்து எழுதித் தருகிறேன். கட்டணம் ஏதும் வேண்டாம். அக்கா மகளுக்கும் இன்னும் கணினி வாங்கவில்லை. அவளையும் அழைத்து வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர்